எழுநூறுக்கு ஒன்று குறைவு

என் அக்காவின் வருமானம் போன செப்டம்பர் ஆறாம் தேதியோடு நின்றுவிட்டது என்று அந்தச் சான்றிதழ் சொன்னது. நான் அதைப் படித்தது ஜூலையில். படித்தபோது அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரோ ஒருவருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டை நாலு காப்பி எடுத்துக்கொண்டிருந்தாள். வாங்கியவர் போனிலேயே பணம் அனுப்பினார். கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த அக்காவின் போன் டிங் என்றது. வருமானம் இல்லாதவளின் போன் அன்று காலையிலிருந்து பத்துத் தடவையாவது டிங் என்றிருக்கும்.

"வெள்ளிக்கிழமை அந்த அம்மா ரிப்போர்ட் எழுதி கோர்ட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்," என்றாள் அக்கா. "வருமானமே இல்லாதவகிட்ட பிள்ளையை எப்படி விடறதுன்னு கேக்கறாங்க. அந்த ஆள் சொன்னது உண்மைன்னு ஆயிடுச்சு பாரு."

அந்த ஆள் என்றால் அக்காவின் புருஷன். எட்டு வருஷம் நான் வாய் நிறைய மாமா என்று கூப்பிட்ட மனுஷன். பிரிந்து போய் பத்து மாதமாகிறது. ஆறு வயது மகள் தன்னிடம்தான் வளர வேண்டும் என்று இப்போது கோர்ட்டில் நிற்கிறார். கடை எப்போதோ படுத்துவிட்டது, அவள் தம்பி போடும் சோற்றில்தான் வண்டி ஓடுகிறது என்பது அவருடைய வாதம். அந்த அம்மா என்பவர் கோர்ட் நியமித்த குடும்ப நல அதிகாரி. குழந்தை யாரிடம் இருக்கலாம் என்று அவர் எழுதுவதைத்தான் நீதிபதி பார்ப்பார். அவர் கேட்டது ஒரே ஒரு வருமானச் சான்றிதழ். அதுவும் ஒரு வெளிக் கம்பெனி வங்கிக் கணக்கைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தரும் நீல முத்திரைச் சான்றிதழ்தான் வேண்டும் என்றார். வந்தது இந்த லட்சணத்தில்.

சான்றிதழோடு பதினாலு தாளில் வரவு செலவுப் பட்டியல் இருந்தது. அக்கா அதை என் கையிலிருந்து பிடுங்கிக் கடைசித் தாளைப் புரட்டிக் கடைசி வரியின் வரிசை எண்ணைப் பார்த்தாள். அது அவளுடைய வழக்கம். பெரிய ஆஸ்பத்திரியின் வாசலுக்கு எதிரே ஒன்றரை ஆள் நிற்கும் இடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். யார் எந்தக் கட்டைக் கொடுத்தாலும் முதலில் எண்ணி, கடைசித் தாளின் மூலையில் பென்சிலால் எண்ணை எழுதுவாள். காப்பி எடுத்த பிறகு அதையும் எண்ணுவாள். இரண்டும் ஒன்றானால்தான் ஸ்டேப்ளர் விழும். ஒரு நோயாளியின் ஒரு தாள் விட்டுப்போனால் டாக்டர் தப்பான மருந்து எழுதிவிடுவார் என்று அவளுக்குப் பயம்.

"அறுநூத்தித் தொண்ணூத்தி ஒம்போது வரி," என்றாள். "என்னடா நம்பர் இது? எனக்கு மாசத்துக்கே முந்நூறுக்கு மேல வரும்."

நான் அந்த எண்ணை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். அது எழுநூறுக்கு ஒன்று குறைவு. என் தொழிலில் அது சும்மா வருகிற எண் இல்லை.

நான் வேலை பார்ப்பது அக்கா கணக்கு வைத்திருக்கும் அதே வங்கியில். நான் அங்கே இருக்கிறேன் என்பதற்காகத்தான் அவள் அங்கே கணக்கு தொடங்கினாள். வெளிக் கம்பெனிகள் எங்கள் கம்ப்யூட்டரிடம் கணக்கு விவரம் கேட்டால் பதில் சொல்லும் வாசல் ஒன்று உண்டு. ஏபிஐ என்பார்கள். அந்த வாசலில் உட்கார்ந்திருப்பது எங்கள் பிரிவு. ஒருவருடைய ஒரு வருஷத்துக் கணக்கை மொத்தமாகக் கொட்டினால் கொடுக்கிறவனும் திணறுவான், வாங்குகிறவனும் திணறுவான். அதனால் பக்கம் பக்கமாகக் கொடுப்போம். பக்கத்துக்கு நூறு வரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அடுத்த பக்கத்தைக் கேட்க ஒரு குறி இருக்கும். குறி இருக்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொதப்ப ஒருவன் தனியாகப் படித்துவிட்டு வர வேண்டும்.

அன்று மதியம் ஆபீசுக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். அக்காவின் கணக்கில் முப்பத்தொன்பது பக்கம் இருந்தது. சான்றிதழ் கம்பெனி ஏழு பக்கம் கேட்டுவிட்டு எழுந்து போயிருந்தது. எனக்கு மண்டை சூடேறியது. அந்தக் கம்பெனியில் இந்த வேலையைப் பார்க்கும் புரோகிராமரைப் போனில் பிடித்தேன். குரலை வைத்துப் பார்த்தால் இருபத்தைந்து வயதுப் பெண்.

"இன்னும் முப்பத்திரண்டு பக்கம் இருக்கு. ஏழோட நிக்கச் சொன்னது யாரும்மா?"

"ஏழாவதுல தொண்ணூத்தி ஒம்போது வரிதான் சார் வந்துச்சு. நூறுக்குக் கம்மின்னா கடைசிப் பக்கம்."

"அடுத்த பக்கத்துக்குக் குறி அடியிலேயே இருக்கே, கண்ணு தெரியலையா? படிச்சுட்டுத்தான் வேலைக்கு வந்தீங்களா? இங்க ஒருத்தியோட பிள்ளையைப் பிடுங்கப் பாக்கறாங்க. நீங்க கம்மின்னா கடைசின்னு கதை சொல்றீங்க!"

பக்கத்து மேஜைக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் நாலு வார்த்தை கத்தினேன். அந்தப் பெண் நான் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தாள்.

"சார், உங்க பேங்க் எங்களுக்குக் கொடுத்த கையேடு என் முன்னாடி இருக்கு. பன்னிரண்டாம் பக்கம். படிக்கட்டுமா? 'நூறு வரிக்குக் குறைவாக வந்தால் அதுவே கடைசிப் பக்கம். அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.' இதைப் பார்த்துத்தான் சார் எழுதினேன். கண்ணு எனக்கு நல்லாத்தான் தெரியுது."

போனை வைத்துவிட்டாள். நான் கையேட்டைத் திறந்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த வரி அப்படியே இருந்தது. முதல் பக்கத்தில், எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் நான் அதை எழுதியபோது அது உண்மைதான். போன வருஷம்தான் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வாடிக்கையாளர் ஒரு வரியின் மேல் புகார் கொடுத்திருந்தால், விசாரணை முடியும்வரை அந்த வரியை வெளியாருக்குக் காட்டக் கூடாது. முறையாகச் செய்வதென்றால் முதலில் அந்த வரிகளை விலக்கிவிட்டு, மிச்சத்திலிருந்து நூறு நூறாக எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு வாரம் ஆகும். நான் நூறை எடுத்துவிட்டு, அதிலிருந்து புகார் வரியைத் தூக்கிப் போட்டேன். மூன்றே வரிப் புரோகிராம். ஒரு மதியத்தில் முடிந்தது. அப்படிச் செய்தால் நடுப் பக்கத்திலும் தொண்ணூற்றொன்பது வரும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் பக்கத்திலேயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன். 'கையேட்டை அப்புறம் திருத்த வேண்டும்.'

எங்கள் மேலாளருக்கு நான் வைத்த பட்டப்பெயரே 'அப்புறம்'தான். எதைக் கேட்டாலும் அப்புறம் பார்க்கலாம் என்பார். நாங்கள் டீ குடிக்கும்போது அவரைப் போலவே பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பவன் நான். என் கைப்பட எழுதிய அந்த 'அப்புறம்' திரையில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கன்னத்தில் நானே ரெண்டு வைக்கலாம் போல இருந்தது.

அக்காவின் ஏழாவது பக்கத்தில் மறைந்த அந்த வரி எது என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். செப்டம்பர் இரண்டாம் தேதி. அந்த ஆள் அவளுடைய கார்டை எடுத்துக்கொண்டு போய், புது மெஷினுக்கு முன்பணம் கொடுக்கச் சேர்த்து வைத்திருந்த தொகை முழுவதையும் ஏடிஎம்மில் வழித்து எடுத்தார். அதற்கப்புறம்தான் வீட்டை விட்டுப் போனார். அக்கா அழுதுவிட்டுச் சும்மா இருந்திருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து புகார் எழுத வைத்தவன் நான். "விடாதேக்கா, எழுதிக் கொடு. பேங்க்ல நான் இருக்கேன்" என்று சொன்ன மகாராஜன். அந்தப் புகார் பத்து மாதமாக விசாரணையிலேயே இருக்கிறது.

ஆக, நடந்தது இதுதான். திருட்டுக் கொடுத்தவள் புகார் கொடுத்தாள். புகார் கொடுத்ததால் அந்த வரியை மறைத்தோம். மறைத்ததால் பக்கம் ஒன்று குறைந்தது. குறைந்ததால் அதற்குப் பிறகு அவள் உழைத்த பத்து மாதமும் இல்லாமல் போனது. வாயை மூடிக்கொண்டு இருந்தவர்களுக்கெல்லாம் சான்றிதழ் அழகாக, முழுசாகப் போயிருக்கிறது.

வேறு யாருக்கெல்லாம் இப்படி அறுபட்டிருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

மறுநாள் காலை அப்புறத்தின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே கேட்டார்.

"நல்லா கண்டுபிடிச்சே. அடுத்த சாஃப்ட்வேர் வெளியீடு ஆறு வாரத்துல வருது. அதுல சேர்த்துடலாம். மத்ததை அப்புறம் பார்க்கலாம்."

"வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போகுது சார்."

"உன் அக்காவோடதுதானே அவசரம்? அதுக்கு வழி இருக்கேப்பா. புகாரை வாபஸ் வாங்கச் சொல்லு. மறைஞ்ச வரி திரும்பி வந்துடும். பக்கம் நூறாயிடும். இன்னொரு தடவை சான்றிதழ் எடுத்தா சுத்தமா வரும். ஒரே ஒரு கையெழுத்து."

"மத்த நானூத்திப் பதினொரு பேர்?"

அவர் ஆடுவதை நிறுத்தினார். "அந்த நம்பரை யார் உன்னை எண்ணச் சொன்னது?"

"தப்பு நம்ம மேலன்னு ஒரு லெட்டர் கொடுங்க சார். அது போதும்."

"சட்டப் பிரிவு விடாது. நீயா எதையாவது எழுதிக் கொடுத்தேன்னா உன் வேலைக்கு நான் பொறுப்பில்லை. குடும்பஸ்தன் நீ. பார்த்து நடந்துக்கோ."

அந்த மேஜையை அப்படியே கவிழ்த்துவிட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். கவிழ்க்கவில்லை. புகாரை வாபஸ் வாங்கும் படிவத்தை அச்செடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக அக்காவின் கடைக்குப் போனேன். கோபமெல்லாம் மற்றவர்களிடம் காட்டத்தான் எனக்கு வாய்த்தது போலிருக்கிறது.

அக்கா படிவத்தை நின்றுகொண்டே படித்தாள். 'மேற்படி பணத்தை நானே எடுத்தேன். மறதியால் புகார் அளித்துவிட்டேன். இதனால் ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்.' இதை எழுதிய மகானுபாவன் யாரோ தெரியாது. அது நான் இல்லை.

"நான் எடுத்தேனா?" என்றாள்.

"அது சும்மா ஒரு வாசகம்க்கா..."

"நான் எடுத்தேனாடா? வாயைத் திறந்து சொல்லு. மெஷின் வாங்க ராத்திரி பகலா நின்னு சேர்த்த காசு. அதை அவன் எடுக்கலைன்னு நான் எழுதித் தரணும். வருத்தம் வேற தெரிவிக்கணும். அப்பதான் நான் சம்பாதிச்சதை உன் பேங்க் ஒத்துக்கும். அப்படித்தானே?"

 கடை வாசலில் ஒரு பெரியவர் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றார். அக்கா அவருக்குக் காப்பி எடுத்துக் கொடுத்து, சில்லறை வாங்கிப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். 

"நாளைக்கே அவன் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, பாருங்க, பொய்ப் புகார் கொடுத்தவன்னு சொல்ல மாட்டானா? அதுக்கப்புறம் என் பிள்ளையை யார் என்கிட்ட விடுவாங்க? இது எப்படிடா ஆச்சு? யார் பண்ணின தப்பு?"

"ஏதோ சிஸ்டம் தப்புக்கா," என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

"மொத்தம் எத்தனைன்னு முதல்லயே சொல்லிட்டா, வாங்கறவன் எண்ணிப் பார்த்துக்க மாட்டானா?"

"எண்ணறதுக்கு நேரமாகுதுன்னு அதை எடுத்துட்டாங்க."

"நான் ஒத்தைத் தாளுக்கும் எண்ணறேன்டா!" என்று கத்தினாள். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு படிவத்தைத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் கணக்குப் போடுவதற்காக வைத்திருக்கும் பழைய தாள்களோடு அதையும் செருகினாள். "போ. வேற வழியோட வா."

வேறு வழி ஒன்றுதான் இருந்தது. அது எனக்கு முதலிலிருந்தே தெரியும். அன்று சாயங்காலம் நானே ஒரு கடிதம் எழுதினேன். என்ன தவறு, எந்தப் பக்கம், எந்த வரி, மொத்தம் எத்தனை வரி என்று எல்லாம் எழுதி, ஊழியர் எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டேன். என்னமோ பெரிய தியாகம் செய்துவிட்டது போல நெஞ்சு நிமிர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரியின் அறை. சுவரோரம் கயிறு கட்டிய கோப்புகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார். அக்கா முதலில் தன் போனில் தெரியும் கணக்கை முழுசாக அச்செடுத்த கட்டை நீட்டினாள். கடைசித் தாளின் மூலையில் பென்சிலால் எழுபத்தேழு என்று எழுதியிருந்தது.

"அம்மா, நீங்க ஜெராக்ஸ் கடை வச்சிருக்கீங்க," என்றார் அதிகாரி. "பிரிண்ட் எடுக்கறதுதான் உங்க தொழிலே. இதை நான் எப்படி நம்பறது? அதனாலதான் முத்திரை போட்டதைக் கேட்டேன். அதுல செப்டம்பருக்கு அப்புறம் வருமானம் இல்லை."

அவர் முன்னால் ரிப்போர்ட்டின் வரைவு கிடந்தது. தலைகீழாகவே என்னால் படிக்க முடிந்தது. 'தாய்க்கு நிலையான வருமானம் இல்லை.' அக்காவும் அதைப் படித்துவிட்டாள். 

நான் கடிதத்தை நீட்டினேன். அதிகாரி கண்ணாடியை இறக்கிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"புரியுது. ஆனா இதுல 'தவறு நேர்ந்துவிட்டது', 'வரி மறைக்கப்பட்டது', 'கையேடு திருத்தப்படவில்லை'ன்னே இருக்கு. தானா நேர்ந்துச்சா? தானா மறைஞ்சுதா? யாரோ ஒருத்தர் பண்ணியிருக்கணும்ல? நாளைக்கு அந்தப் பக்கத்து வக்கீல் கேப்பார். தம்பி அக்காவுக்காகக் கதை கட்டறான்னு சொல்லுவார். யார் பண்ணினது இது?"

 அக்கா என்னைப் பார்க்கவில்லை. தம்பி பதில் சொல்லுவான் என்ற நிச்சயத்தோடு அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

"நான்தான்," என்றேன்.

"என்ன?"

"மறைச்சது நான். கையேட்டுல தப்பா இருக்குன்னு தெரிஞ்சும் திருத்தாம விட்டதும் நான்."

அக்கா மெதுவாகத் திரும்பினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அதிகாரி பேனாவை என் பக்கம் உருட்டிவிட்டார். "எழுதுங்க. யார், எப்போ, ஏன்னு எழுதுங்க."

எழுதினேன். 'சோம்பலால்' என்ற சொல்லை எழுதும்போது காது இரண்டும் எரிந்தது. அதிகாரி அதை வாங்கிக் கோப்பில் வைத்தார். பிறகு வரைவில் அந்த ஒரு வரியை மட்டும் குறுக்கே கோடு போட்டு அடித்தார். "திங்கட்கிழமை உங்க பேங்க் கிளைக்கு நானே வர்றேன்மா. அவங்க முத்திரையோட முழுக் கணக்கையும் என் கண்ணு முன்னாடி எடுத்துத் தரட்டும். அதைப் பார்த்துட்டுத்தான் ரிப்போர்ட் போகும்," என்றார். அக்கா கைகூப்பினாள்.

வெளியே நடைவழியில் வரிசையாக நாற்காலிகளில் ஆட்கள் காத்திருந்தார்கள். அக்கா விறுவிறுவென்று மாடிப்படி வரை நடந்துவிட்டு நின்றாள்.

"சிஸ்டம் தப்புன்னியே."

"அக்கா, எனக்குச் சொல்ல..."

"என் காசை ரெண்டு தடவை மறைச்சிருக்காங்க. ரெண்டும் வீட்டு ஆளுங்கதான்." அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "அவனாவது எடுத்துட்டு ஓடிப் போனான். நீ பக்கத்துலயே நின்னு அந்தப் பாரத்துல கையெழுத்துப் போடச் சொன்னே."

 கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அது எந்தக் கோபத்தில் வந்தது என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"வேலை போயிடுமா?" என்றாள்.

"போகலாம்."

"என்னை மாதிரி எத்தனை பேரு?"

"நானூத்திப் பன்னிரண்டு. உன்னையும் சேர்த்து."

"அதை அந்த லெட்டர்ல எழுதினியா?"

எழுதவில்லை. அந்த எண்ணைப் பற்றி வாயே திறக்கவில்லை. நடைவழியில் உட்கார்ந்திருந்தவர்கள் மடியில் வைத்திருந்த தாள்களை அக்கா ஒரு கணம் பார்த்தாள். மூன்று நான்கு பேர் கையில் அதே நீல முத்திரைச் சான்றிதழ் இருந்தது.

"அந்த நானூத்திப் பன்னிரண்டு பேர்ல எத்தனை பேருக்குடா பேங்க்ல தம்பி இருக்கான்?"

 அக்கா தன் கைப்பையைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்து என் கையில் திணித்தாள். முனை மழுங்கிப்போன, கடைப் பென்சில்.

"போய் அந்த நம்பரையும் எழுதிட்டு வா. நான் இங்கேயே நிக்கிறேன்."

திரும்பிப் போய் அதிகாரியின் கதவைத் தட்டினேன்.